அங்க அடையாளம்

ஆண் பிரேதம். வயது சுமார் முப்பத்தைந்து.
பர்கூர்ப் பக்கம் கைவிட்ட குவாரித் தண்ணீரில்
இரண்டு நாள் ஊறியது.
நீலச் சட்டை. பையில் நனைந்த டோல்கேட் ரசீது.
வலது காதுக்குக் கீழே
மாம்பால் பட்டு வெந்த தழும்பு.

மாம்பால் என்று டாக்டர் சொல்லவில்லை.
பழைய தீக்காயம் என்றார்.
மாம்பால் என்று எழுதியது நான்.

சந்தூர்த் தோப்பில் அந்தக் காம்பைக் கிள்ளியதும் நான்தான்.
எனக்குப் பதினொன்று, திம்மராயனுக்கு ஏழு.
வீங்கி அழுதவன் வாயில் வெல்லத்தைத் திணித்து
அம்மாவிடம் குளவி என்றேன்.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
சேமியா ஐஸுக்குச் சில்லறை எண்ண
அவன் கையை விட்டேன்.
பத்து, இருபது, இருபத்தைந்து என்று சத்தமாக எண்ணினேன்.
ஒரு ரூபாய் சேர்வதற்குள்
பக்கத்தில் யாருமில்லை.

இருபத்தெட்டு வருஷம்.
காக்கி போட்டதே இதற்குத்தான் என்று
யாரிடமும் சொன்னதில்லை.
பிடிபட்டு வரும் ஒவ்வொருவன் காதையும் முதலில் பார்ப்பேன்.
"ரைட்டரம்மா கம்மல் போட்டுவிடப் போறாங்கடா"
என்று ஸ்டேஷனே சிரிக்கும்.

இப்போது இரவு ஒன்றே முக்கால்.
எதிரே விலங்கோடு நஞ்சுண்டன்.
திருட்டு டீசல், பதினாலாயிரம், பங்கில் தகராறு,
ஜாக்கி லிவரால் ஒரே அடி.
இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது வாக்குமூலம்.
இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்விட்டார்.
விடிந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும்.
சொன்னதும் இந்த வழக்கு என் கையில் இருக்காது.

அதுவரைக்கும்
என் தம்பியைத் தெரிந்தவன் என்று எனக்குக் கிடைத்த ஒரே ஆள்
அவனைக் கொன்றவன்.

பேனாவை மூடினேன். டீ வரவழைத்தேன்.
"அவன் எப்படிச் சிரிப்பான்?"

மிரண்டான். இது எந்த செக்‌ஷனோ என்று பார்த்தான்.
அப்புறம் மெல்ல,
"பாபுங்களா? வாயைப் பொத்திக்கிட்டுத்தான் மேடம்.
முன்பல்லு ஒண்ணு இல்ல.
சூளகிரி ஓட்டல்ல தட்டு கழுவுனப்ப
மொதலாளி வெச்ச பேரு பாபு.
மாம்பழம்னா உசுரு. ஆனா காம்ப மட்டும்
என்னைத்தான் கிள்ளச் சொல்லுவான்.
தூக்கத்துல எண்ணுவான் மேடம்.
பத்து, இருபது, இருபத்தஞ்சு.
அதுக்கு மேல போகமாட்டான்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
ஹைவேயில் ஏதோ லாரி கியர் மாற்றியது.

அடுத்த கேள்வியை மூன்று தரம் விழுங்கினேன்.
"வீட்டைத் தேடலையா?"

"அக்கா ஒருத்தி ஐஸ் வாங்கப் போனாளாம், வரவேயில்லையாம்.
திட்டமாட்டான் மேடம்.
சில்லறை பத்தாம நின்னிருப்பா, வந்துருவாம்பான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
அவனுக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது.
அதுவரை லேசாகக் கிணுகிணுத்த விலங்கு
நின்றுவிட்டது.

இருவருக்கும் நடுவில்
ஆறிய டீ, ஆடை படிந்து.
லாக்கப்புக்கு அனுப்பலாம். அறையலாம்.
ஜாக்கி லிவர் அலமாரியில்தான், சீல் வைத்து, சீட்டு ஒட்டி.
சாவி என் இடுப்பில்.

பேனாவைத் திறந்தேன்.
பெயர்: தெரியவில்லை. அதை அடித்து
மேலே திம்மராயன் என்று எழுதினேன்.
அடையாளம் காட்டியவர் என்ற கோட்டில்
கை நின்றது.

மணி மூன்றேகால்.
பாராக்காரரைக் கூப்பிட்டு
இன்னும் இரண்டு டீ சொன்னேன்.