பதினான்காம் பிரிவு

சுவரோரப் பனியில் ஏணி நின்ற இரண்டு குழிகள்.
தொலைபேசிக் கம்பி
நகம் வெட்டினாற்போல் சுத்தமாக.
பின்கதவுப் பூட்டைத் தவிர
வேறெதையும் அவர்கள் உடைக்கவில்லை.

டுலூத்தில் அன்று மைனஸ் இருபத்தாறு.
ஏரிக்காற்று இரவெல்லாம்
கடைக்குள் போய்வந்திருக்கிறது.
பத்தொன்பது அக்கார்டியன்கள்.
எங்கள் கண்காணிப்பு அறையில்
ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை.
அறுந்த கம்பி யாரிடம் போய்ச் சொல்லும்?

தோரா ஹாகன் என்னைத் திட்டவில்லை.
காப்பி கொடுத்தார்.
அலமாரித் தட்டுகளில்
தூசி படியாத பத்தொன்பது சதுரங்கள்.
"மாதம் முப்பத்துநாலு டாலர், வெண்டல்.
ஆறு வருஷம்" என்றார்,
மளிகை பாக்கி சொல்வதுபோல.

அவருடைய வக்கீல் கேட்பது அறுபத்தோராயிரம்.
எங்கள் ஒப்பந்தம் தருவது இருநூற்றைம்பது.
பதினான்காம் பிரிவு, தடித்த எழுத்தில்:
நாங்கள் காப்பீட்டாளர்கள் அல்லர்.
கருவி பழுதானாலும்
எங்கள் ஆள் தூங்கிவிட்டாலும்
எங்கள் கவனக்குறைவே காரணமானாலும்
இருநூற்றைம்பது.
பக்கத்தில் நீல மையில்
தோ. ஹா.

முப்பத்துநாலு டாலருக்கு
ஒரு கடையையே தோளில் சுமப்பவன் யார்?
பூட்டு விற்றவனா வீட்டுக்குப் பொறுப்பு?
இருபது வருஷமாகக் கேட்டுவருகிறேன்,
பதில் தெரிந்தவன் குரலில்.

வாக்குமூல அறையில் தண்ணீர்க் குவளை,
பெலஞ்சர் அம்மையாரின் பென்சில்.
அவர் படித்தாரா?
நேரம் கொடுத்தேன்.
எவ்வளவு?
கடைக்கு ஆள் வந்திருந்தது. கூட ஒரு பையன்,
எல்லாக் கட்டைகளையும் அழுத்திக்கொண்டிருந்தான்.
விளக்கிச் சொன்னீர்களா?
விரலால் காட்டினேன்.
"விரலால்" என்று தட்டச்சு ஆனது.

பிறகு இரண்டாம் பக்கம்.
கம்பி அறுந்தாலும் பேசுகிற செல்போன் இணைப்பு,
மாதம் ஒன்பது டாலர் கூடுதல்.
வேண்டும், ஒரு கட்டம்.
வேண்டாம், ஒரு கட்டம்.
வேண்டாமில் பெருக்கல் குறி.
"வாடிக்கையாளரே மறுத்திருக்கிறார், அப்படித்தானே?"
எங்கள் வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.
"கீழே இருப்பது அவர் கையெழுத்து" என்றேன்.
உண்மைதான்.

குறி கருப்பு மை.
அன்று காலை, வேனில் ஹீட்டர் சூடாகும்வரை
ஸ்டியரிங் மேல் தாளை வைத்து
நான் போட்டது.
நாற்பத்துமூன்று என்றால் யோசிப்பார்கள்.
முப்பத்துநாலு என்றால் பேனா கேட்பார்கள்.
பத்துக் கடையில் ஒன்பது அப்படித்தான்.

ஜெராக்ஸில் நீலமும் கருப்பும் ஒரே நிறம்.
பெலஞ்சர் பக்கத்தைப் புரட்டினார்.
அசல் எங்கள் அலுவலகத்தில்,
மூன்றாவது இழுப்பறையில்,
அதைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

ஒப்பந்தம் தானாகவே புதுப்பித்துக்கொண்டது,
அதற்கும் ஒரு பிரிவு உண்டு.
இந்த மாதமும் தோராவின் காசோலை வந்தது.
ஒரு நாள்கூடத் தாமதமில்லை.
முப்பத்துநாலு,
எண்ணாலும் எழுத்தாலும்,
நீல மையில்.