சாய்மானம்

"எடை எவ்வளவு மேடம்?"

மயக்க ஊசிக்கு முன்
ஒரு நாளில் எட்டுப் பேரிடம் நான் கேட்கிற கேள்வி.
நூறடி ரோட்டில், அலைன்மென்ட் மேடைக்குப் பக்கத்தில்,
முழங்காலில் கிரீஸோடு புகழேந்தி கேட்கிறார்.

அறுபத்தொன்று என்றேன்.
இரண்டு குறைத்துத்தான்.
நோயாளிகளும் குறைத்துத்தான் சொல்வார்கள்,
நானும் மனசுக்குள் கூட்டிக்கொள்வேன்.

மூன்று தண்ணிக் கேன்களைத் தூக்கி
ஓட்டுகிற சீட்டில் அடுக்குகிறார்.
இருபது, நாற்பது, அறுபது.
மேலே ஒரு வீல் ஸ்பேனர்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
இன்னொரு ஸ்பேனர்.

இரண்டே சீட், பதினோரு வயது,
வயிற்றுக்கும் தரைக்கும் ஐந்து விரல் இடைவெளி.
முன்னால் வைத்திருந்த சென்னைக்காரர்
வரிக்குப் பயந்து பாண்டி நம்பர் வாங்கி,
கடைசியில் வண்டியையும்
பாண்டிக்கே கொடுத்துவிட்டார்.

பழைய மருந்துச்சீட்டின் முதுகில் எழுதி வந்திருந்தேன்:
முன் கேம்பர் மைனஸ் இரண்டரை,
பின்னால் மைனஸ் இரண்டு,
முன் டோ வெளிப்பக்கம் அரை நூல்.

படித்தார். மடித்தார். சட்டைப்பையில் வைத்தார்.
"ட்ராக்குக்கு வருஷத்துல எத்தனை நாள்?"
இரண்டு.
போன வருடம் ஒன்று. மழை.
"மிச்ச நாள்?"

மிச்ச நாள் லாஸ்பேட்டையிலிருந்து கிருமாம்பாக்கம்.
முதலியார்பேட்டை ரயில்வே கேட்,
அரியாங்குப்பம் பாலம்,
தவளக்குப்பத்தில் இருட்டில் பெயின்ட் இல்லாத வேகத்தடை,
ஆபரேஷன் தியேட்டர்,
மறுபடி வேகத்தடை.

கழற்றிய டயரை உருட்டி வந்து நிறுத்தினார்.
வெளிப்பக்கம் ரப்பர் மயிர்கூட உதிராமல் புதுசு.
குனிந்தேன்.
உள்விளிம்பில் கம்பி பல்லைக் காட்டியது.

எனக்குத் தெரியாததில்லை புகழேந்தி.
வலது வளைவில் வண்டியின் பாரம் மொத்தமும்
இடது முன்சக்கரத்தின் தோளில் ஏறும்போது,
தலையை உள்ளே சாய்த்தே நின்ற சக்கரம்
அப்போதுதான் நிமிர்ந்து
முழுப் பாதமும் தரையில் பதிக்கும்.
அந்த ஒன்றரை விநாடி
கை எதையும் பிடித்திருப்பதாகவே தோன்றாது.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
இரண்டு என்றேன்.
ஒன்று என்றார்.
வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசுவதுபோல
ஒன்றரையில் நின்றது.
டோ சுழியம்.

"ரோடே இடப்பக்கம் சரிவுதான், மழைத்தண்ணி ஓட.
இடதுல ஒரு பொட்டு கூட்டி வைக்கிறேன்,
இல்லன்னா வண்டி வாய்க்காலைப் பார்த்துப் போகும்."

அடியில் படுத்து போல்ட்டைத் திருப்புகிறார்.
திரையில் நான்கு எண்கள்.
என் மானிட்டரும் இதே மாதிரி:
சிவப்பென்றால் எழு, பச்சையென்றால் உட்கார்.
மூன்று பச்சை.
ஒன்று மட்டும் மாறி மாறிக் கண் சிமிட்டுகிறது.

வண்டிக்கு அடியிலிருந்து குரல்:
"பக்கத்து சீட்டுல யாரு வருவாங்க?"

தேர்ந்தெடுக்க எண்களோடு வந்தவளுக்கு
இந்த எண் மட்டும் சீட்டில் இல்லை.
ஒரு காலத்தில் எழுபத்தெட்டு.
அது இப்போது லியோனில்
வேறு ஏதோ வண்டியின் இடப்பக்கத்தை அழுத்துகிறது.
வலப்பக்கத்தையோ என்னவோ. அந்த ஊரில் எல்லாம் மாற்றி.

"ஒரு கேன் வைங்க" என்றேன்.
"இருபது கிலோவா? அது யாரு மேடம்?"
நான் பதில் தேடும்வரை காத்திருந்துவிட்டு
கேனை வைத்தார்.
நான்காவது எண்ணும் பச்சையானது.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
ஜிஎஸ்டி தனி.

என் எடையை இறக்கி ஓரம் வைத்தவர்
அந்தக் கேனை மறந்துவிட்டார்.
இந்திரா காந்தி சிலை தாண்டியதும்தான் கவனித்தேன்,
பக்கத்து சீட் பெல்ட்டுக்காக வண்டி
கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியபோது.

கேட் மூடியிருந்தது.
விழுப்புரம் வண்டி வரவேண்டும் போல.
எட்டி, பெல்ட்டை இழுத்து,
கேனின் வயிற்றுக்குக் குறுக்கே மாட்டினேன்.
சத்தம் நின்றது.

உள்ளே தண்ணீர்
ஒருமுறை இந்தப் பக்கம் வந்து,
பிறகு மட்டமானது.