எரிவாயு ஏறும் வரை

எங்கள் ஊர் தட்டை.
புந்தா அரேனாஸில் காற்று மட்டும்தான் மேடு.
இரண்டு பெட்டிகளோடு வல்பராய்சோவில் இறங்கி
பேருந்து நிலைய பெஞ்சில் வரைபடத்தை விரித்தேன்.
பல்கலைக்கழகத்துக்கும் பாரோன் குன்றுக்கும் நடுவே
என் சுண்டுவிரல் அளவு தூரம்.
அந்தச் சுண்டுவிரலை ஏறி முடிக்க
நாற்பது நிமிடம் ஆயிற்று.

வரைபடத்துக்கு மூச்சு வாங்காது.

அலெக்ரே என்றால் மகிழ்ச்சியாம்.
அந்தக் குன்றில் சுவருக்குச் சுவர் ஓவியம்,
ஓவியம்தோறும் முதுகைக் காட்டிப் படமெடுக்கும் கூட்டம்.
அறையைக் காட்டிய ரெனாத்தா
"ஜன்னலில் கடல் இருக்கிறது" என்றாள்.
இருந்தது. ஒரு முழம்.
பூவைப் போல அதை அளந்து
வாடகையோடு சேர்த்து விற்றாள்.

ப்ளாயா அஞ்சா, அகலக் கடற்கரை.
பெயரில்தான் மணல். மேலே மூடுபனி.
தோன் வாஸ்கோ வீட்டில்
திங்களன்று துவைத்த காலுறை
வியாழன் வரை காயாது என்று
அங்கே குடியிருக்கும் பையன்
குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.
அதை மூட, வாஸ்கோ பலமாக இருமினார்.
அந்த இருமலும் ஈரமாகத்தான் இருந்தது.

அல்மெந்திராலில் தரை சமம், விலையும் சல்லிசு.
பகலில் பிடித்த தெருவை
இரவு பதினொன்றுக்குப் போய்ப் பார்த்தேன்.
கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிவிட்டன.
நானும் என் நிழலும் மட்டும்.
நிழல் எனக்கு முன்னால் ஓடியது.

ஐந்தாம் நாள் காலை
தொம், தொம், தொம்.
உருளையை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டு
எரிவாயு வண்டி குன்றேறி வந்தது.
ஓட்டிவந்த எவாரிஸ்தோவின் கதவில்
அட்டையொன்று தொங்கியது,
பேனாவால் எழுதிய விலைப்பட்டியல்.
குன்றின் பெயர் எதுவும் அதில் இல்லை.

மூன்றாம் வளைவு: ஐந்நூறு.
பூசணி நிற வீடு: எண்ணூறு.
நாய்கள்: ஆயிரம்.
நீலக் கேட்: ஆயிரத்து இருநூறு.
பிறகு ஒரு கோடு.

"கோட்டுக்கு மேலே?"
"மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.
என் முதுகுதான் அங்கே இல்லை."

அவனிடம் கேட்டேன், எல்லாவற்றையும்.
மாதம் மூன்று உருளை வாங்கும் வீடா, சுவரில் ஓதம்.
எப்போதும் அடுத்த வாரம் தருகிறேன் என்கிற வீடா,
முன்பணத்தை மறந்துவிடு.
வாசலிலேயே நிறுத்தி வாங்கிக்கொள்கிறவர்கள்?
அவன் தோளைக் குலுக்கினான்.
"நான் கேட்பதில்லை. நீயும் கேட்காதே."

நான்கு நாளாக யாரும் சொல்லாததை
உருளை இறக்கும் நேரத்தில் சொல்லி முடித்து
தொம் என்று போய்விட்டான்.

நீலக் கேட்டுக்கு மேல் முப்பத்தெட்டு படி.
அங்கே வாடகை பாதி.
தெமுகோவிலிருந்து செவிலியர் படிப்புக்கு வந்த
லிகாராயென் என்கிறவள்
என் தோளுக்குப் பின்னால் நின்று
அதே அட்டையைப் படித்து
அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.
விடைதான் முதலில் பேசியது,
பெயர்களைப் பிறகு சொல்லிக்கொண்டோம்.

இப்போது ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை
நீலக் கேட்டில் அவன் இறக்கிவிட்டுப் போவதை
ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றுகிறோம்.
அவள் படிகளை எண்ணுவாள்.
நான் திட்டுவேன்.
இருபத்திரண்டாம் படியில் தவறாமல் சண்டை,
வெந்நீரில் அதிக நேரம் நின்றது யார் என்று.
முப்பதாம் படியில் பேச மூச்சு இருக்காது.
சமாதானம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

ஜன்னலில் துறைமுகம் முழுசாக இருக்கிறது,
பாரந்தூக்கிகள், சரக்குப் பெட்டிகள்,
விடியும்வரை விளக்கணைக்காத ஒரு கப்பல்.
யாரும் முழம் போடவில்லை.
பாதி நாள் திரையை விலக்கவே மறந்துபோகிறது.

அம்மா தொலைபேசியில் கேட்டாள்:
எந்தப் பகுதி?
நீலக் கேட்டுக்கு மேல் என்றேன்.
பெயரைக் கேட்டேன் என்றாள்.
அதுதான் பெயர் என்றேன்.
கம்பளிச் சட்டையும் கலாஃபாதே ஜாமும் கட்டி
அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாள்.

பார்சல் வந்தது,
நீலக் கேட் வரை.