பதினோரு மாத ஓடு

வெர்சோவா படகுத்துறையில் விடியுமுன்
சேவந்தியின் கூடையைக் கிளறுவேன்.
சதைப்பிடிப்பானதை ஒதுக்கிவிட்டு
முதுகெல்லாம் சொறி பிடித்ததைக் கேட்கிறவளை
அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.
"வேடி" என்று மற்றவளிடம் சொல்லிச் சிரித்து
பாதி விலைக்குத் தருவாள்.

மேசை விளக்கின் கீழ்
நாற்பத்தொன்றாம் எண். சிலுவை நண்டு, ஆண்.
முதுகில் பதினேழு கொட்டலசு.
பெரியதன் அகலம் ஒன்பது மில்லிமீட்டர்;
சட்டை உரித்து மாதங்கள் ஆகியிருக்கும்.
இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் ஐந்து:
வலத்தோளை மணலில் புதைத்துப்
படுக்கிற பழக்கம்.
செவுளைத் திறந்தால்
காம்போடு தொங்குகின்றன வேறு சில,
அது மூச்சுக்கு இழுக்கும் தண்ணீரில்
தம் சோற்றைப் பார்த்துக்கொண்டு.
இளைத்திருக்கிறது பாவம்,
வெளியே தெரியாமல்.

நாற்பத்திரண்டு பளபளவென்று இருந்தது.
உள்ளங்கை கொள்ளாத உடம்பு,
நேற்றுச் செய்ததுபோல ஓடு.
எங்கே கிடந்தது, எதன்மேல் உரசியது,
ஒரு கீறல்கூடச் சொல்லவில்லை.
படிவத்தில் எழுதினேன்: தகவல் இல்லை.

மத்தியானம் அரைநாள் விடுப்பு.
அந்தேரி தாசில்தார் அலுவலகம், ஏழாம் ஜன்னல்.
பதினைந்து வருஷம் இங்கேதான் இருந்தாய்
என்பதற்கு என்ன இருக்கிறது, என்றார் தாண்டேல்.

சயான் கோலிவாடாவில் பதினோரு மாதம்.
அண்டாப் ஹில்லில் பதினோரு மாதம்,
கெஞ்சி இன்னொரு பதினொன்று.
செம்பூர், மலாட், மறுபடி மலாட்.
ஒவ்வொரு முறையும்
சாவியைக் கொடுத்து, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்து,
நான் அறைந்த ஆணிக்கு
முன்பணத்தில் முந்நூறு விட்டுக்கொடுத்து,
பாயும் குக்கரும் ஆட்டோவில் ஏற,
ஈரம் காயாத தோலோடு
அடுத்த கதவைத் தட்டியிருக்கிறேன்.
கரண்ட் பில் எல்லாம்
வீட்டுக்காரர்கள் பேரில்.

கோப்பை இரண்டு முறை புரட்டினார்.
ஒட்டிக்கொண்டிருந்தது
ஒரு கேஸ் ரசீது, ஒரு தடுப்பூசிச் சீட்டு.
"சொந்த ஊர்?"
"இதுதான்" என்றேன்.
பேனாவை மூடினார்.

திரும்பி வந்தபோது ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை.
நாற்பத்திரண்டு பனிக்கட்டிமேல் கிடந்தது.
படிவத்தை எடுத்து, எழுதியதை அடித்துவிட்டு எழுதினேன்:
முந்தைய ஓடுகள் கிடைக்கவில்லை.

இதற்குக் கட்டம் எங்கே இருக்கிறது என்று
நாளைக்கு பரூச்சா சார் கேட்பார்.
ஓரத்தில்தான் எழுதியிருக்கிறேன்,
கொஞ்சம் நெருக்கி.