கடல் இல்லாத நாட்டில்

வோட்கா இரண்டு மூடி.
பீச் மது ஒன்று, கைதவறி ஒன்றரை.
யனுஷா தோடம்பழம் பிழிந்தாள்,
விதையோடு.

செய்முறைத் தாளில் இருந்த பெயரைத்
தமிழில் சொல்லிப் பார்த்தோம்.
பிறகு கொஞ்சநேரம்
ஐஸைப் பற்றியே பேசினோம்.

பீல் நகரில் பத்து மணிக்குமேல்
ஐஸ்கூடக் குலுங்கக் கூடாது.
கீழ்வீட்டு பூர்கி
கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.
போத்தலைக் குளிர்கோட்டில் சுற்றி
நெஞ்சோடு அணைத்து
மாறிமாறி ஆட்டினோம்,
பல் முளைக்கும் பிள்ளையை ஆட்டுவதுபோல.

க்ரான்பெரி கடைசியில்.
கரண்டி முதுகில் வழிந்து
பாதியில் நின்று சிவந்தது.

ஒரு மிடறு இறங்கியதும் கேட்டாள்:
கடற்கரைக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம்?

ஜெனோவா. மூன்று ரயில்.
முதலாவது விடிய ஐந்தே முக்காலுக்கு.

தாளை வாசித்த அன்றே
பார்த்து வைத்திருந்தேன்.