கூழாங்கல் கணக்கு

உப்பு விளையாத ஊர் எங்களுடையது.
பொன்னும் விளையாது.
இரண்டும் கடந்து போகும் ஊர்.
அதனால்தான் மன்னரின் நாய்களுக்கும்
கழுத்தில் தங்கமணி.

நான் ஸமாக்கே, நகர வாசலின் சுங்கக்காரன்.
எழுத்து தெரியாது.
மசூதித் தெரு வணிகர்கள்
மணலில் விரலோட்டி வட்டிவரை போட்டுக் காட்டுவார்கள்.
எனக்கு இரண்டு சுரைக்குடுவை போதும்.
உப்புக் கழுதை உள்ளே வந்தால்
சிவப்புக் கல் ஒன்று. ஒரு தினார்.
அதே உப்பு தெற்கே வெளியேறினால்
கறுப்புக் கல் இரண்டு. இரண்டு தினார்.
கழுதைக்கு இது புரியாது.
எனக்கும் முதலில் புரியவில்லை,
சும்மா நிற்கும் இடத்தில்
மூன்று தினார் எப்படி முளைக்கிறதென்று.

பிறகு ஒருநாள் குடுவையைத் தூக்கிப் பார்த்தேன்.
உள்ளே குதிரைகள் கனத்தன.
வில்லாளிகளின் கூலி கலகலத்தது.
போன மழைக்கு முன் கிழக்கே ஓர் ஊர்
அம்பு ஒன்றும் பறக்காமலே பணிந்தது;
எங்கள் படையின் புழுதியைப் பார்த்தார்களாம்.
அந்தப் புழுதி என் குடுவையிலிருந்து போனது.

உப்பு வெட்டுகிறவர்களை நான் கண்டதில்லை.
உப்பாலேயே சுவர், ஒட்டகத் தோலில் கூரை,
வெள்ளை வெயிலில் கண் அவிந்தவர்கள் பலர் என்றான்
ஒட்டகக்காரன் இஸெம்.
சொல்லிக்கொண்டே பலகையின் மூலையைத் தட்டி
எனக்கொரு சில்லு தந்தான்.
நக்கிக்கொண்டே கேட்டேன்.

கட்டிப்பொன் மன்னருக்கு, தூள் குடிகளுக்கு.
இது சட்டம்.
கட்டியெல்லாம் சந்தையில் உலவினால்
பொன் மண் விலைக்குப் போய்விடுமாம்.
சென்ற கோடையில் ஒருவன்
வாய்க்குள் கட்டியை அடக்கி வந்தான்.
பெயர் கேட்டேன். சொல்ல முடியவில்லை அவனால்.
காட்டிக்கொடுத்தேன்.
உள்ளங்கை அகலத்துக்கு உப்பு கிடைத்தது, பரிசாக.
இன்னும் வீட்டில் அப்படியே இருக்கிறது.
மனைவி அதைத் தொடுவதில்லை.
ஏனென்று நானும் கேட்டதில்லை.

இன்று காலையில் ஒருத்தி.
ஃபலெமே ஆற்றுக்காரி, பெயர் தெனிம்பா,
கால் நகங்களில் ஆற்றுச் சேறு.
கழுகிறகின் தண்டில் பொன்தூள், வாயில் மெழுகு.
தட்டில் கொட்டினேன்.

ஆற்றுத்தூள் எனக்குத் தெரியும்.
நீர் உருட்டி உருட்டி விளிம்பு மழுங்கியது.
இதிலோ ஒவ்வொரு துகளுக்கும் ஓர் ஓரம்.
உளியின் ஓரம்.
பொன் இடித்தால் பொடியாகாது, தட்டையாகும்.
தட்டி, நறுக்கி, மறுபடி தட்டி,
மறுபடி நறுக்கி...
எத்தனை இரவு?
சத்தம் கேளாமலிருக்க
உளிக்கு அடியில் என்ன வைத்தாள்?

அவள் என்னைப் பார்க்கவில்லை.
அடுக்கியிருந்த உப்புப் பலகைகளைப் பார்த்திருந்தாள்.
முதுகில் கட்டிய குழந்தையின் கை
பலகைமேல் ஊர்ந்து
வாய்க்குப் போயிற்று.
மறுபடி பலகைக்கு வந்தது.

பின்னால் கழுதைகள் வரிசை.
காவல் வில்லாளி கொட்டாவி விட்டான்.
"தூள்தான்," என்றேன்,
தேவைக்கு மேல் உரக்க.

மாலையில் அவள் கழுதை
உப்போடு தெற்கே போயிற்று.
கறுப்புக் கல் இரண்டு.
சட்டம் மீறிய பொன்னிலும்
மன்னருக்கு இரண்டு தினார் வந்துவிட்டது.
நாட்டுக்கு ஒன்றும் குறையவில்லை.

இரவு கல் எண்ணும்போது
என் நகக்கண்ணில் ஒரு துகள்.
ஓரமுள்ளது.
மன்னருடையதா, அவளுடையதா?
உதறினேன்.
விளக்கில் ஒரு கணம் மின்னி
எங்கோ விழுந்தது.

வீட்டுக்குப் போய்
அந்த உப்பை உடைத்துக் கூழில் போட்டேன்.
மனைவி ஒரு வாய் குடித்து,
"கரிக்கிறது," என்றாள்.
மிச்சத்தையும் குடித்தாள்.