நீர்க்கணக்கு

எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்:
வாசல் வளைவில் செதுக்கிய ஓக் இலைகளை,
ஒன்பதாம் மாடி விளிம்பில்
பச்சை பூத்த செம்புக் கழுகை,
நடுமுற்றத்தை மூடிய கண்ணாடிக் கூரையை,
அதில் சலித்து இறங்கும்
மில்வாக்கியின் மட்டமான மார்ச் வெயிலை.
வழிகாட்டிப் பெண் ஆண்டு சொல்கிறாள்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது.
கழுத்து வலிக்கும்வரை படமெடுக்கிறார்கள்.

நான் குனிந்து போகிறேன்.
கொதிகலனுக்குப் பின்னால் இரும்புக் கதவு,
பதினான்கு படி,
ஒரு குழாய், ஓர் அளவுகோல், ஒரு நோட்டு.

இந்த இடம் சேறு.
மூன்று ஆறுகள் கூடிக் குழப்பிய சேறு,
முன்பு காட்டுநெல் தானாக விளைந்தது.
இதன்மேல் கல் அடுக்க வந்த ரைன்கே
முதலில் ஒரு காட்டைத் தலைகீழாக நட்டார்.
வடக்கே வெட்டிய ஹெம்லாக் மரங்கள்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
மெல்லிய நுனி கீழே, பருத்த அடி மேலே.
நீராவிச் சம்மட்டி இரவிலும் ஓயவில்லை.
அடிமேல் அடி;
அம்மி நகர்ந்ததோ என்னவோ,
எதிர்வீட்டு அலமாரியில் கோப்பைகள் நகர்ந்தன.

நீருக்குள் கிடக்கும் மரம் அழுகாது.
காற்றுப் பட்டால்தான் அதற்குச் சாவு.
வரைபடத்தின் ஓரத்தில் பொடியெழுத்தில்
ரைன்கே எழுதிவைத்தார்:
ஈரம் உள்ளவரை நிற்கும்.
ஓரங்களை யார் படிக்கிறார்கள்?

மேலே வெண்ணெய் நிறச் செங்கல் ஏறியது.
மூன்றில் தீக்காப்பீடு, ஏழில் தானியத் தரகர்கள்.
வெளிச்சம் படாத மேசை ஒன்றுகூட இல்லை
என்பது அவர் பெருமை.
தெருவைப் பார்த்த ஜன்னல் முதலாளிகளுக்கு.
முற்றத்தைப் பார்த்தது
தட்டச்சுக்காரி ஹெட்விக் லூட்கேக்கு.
கூரைக் கண்ணாடியைப் பனி மூடிய நாட்களில்
அவளுக்குப் பிழைகள் கூடின.
பிழைக்கு ஒரு காசு அபராதம்.
ஜனவரிச் சம்பளம் எப்போதும் இளைத்திருக்கும்.

பிறகு பீர் ஆலைகள் ஆழக் கிணறு தோண்டின.
நகரம் கழிவுநீருக்குச் சுரங்கம் குடைந்தது.
போர் வந்தது, கண்ணாடிக் கூரைக்குத் தார் பூசினார்கள்,
போர் போனது, தாரை மறந்தார்கள்.
கீழே தண்ணீர்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனது.

அறுபத்தொன்றில்
நான்காம் மாடிப் பளிங்கில் ஒரு கீறல், முடியளவு.
பென்சிலைத் தரையில் வைத்தால்
வடகிழக்கே உருண்டது.
தோண்டினார்கள்.
மரத்தின் தலையைக் கரண்டியால் அள்ள முடிந்தது,
அவித்த கிழங்கு போல.

இடித்துவிடலாம் என்றது வங்கி.
கார் நிறுத்த இடமாகுமாம்.
வழக்கு, வாய்தா, மறுபடி வாய்தா.
அவர்கள் மேலே பேசிக்கொண்டிருக்க
கொதிகலன் ஆள் காஸிமிர் துடா
தோண்டிய குழிக்குள் ரப்பர் குழாயை விட்டான்.
யாரும் சொல்லவில்லை.
இரவுதோறும், இரண்டு ஆண்டு.
விழலுக்கு இறைக்கிறான் என்று சிரித்தார்கள்.
தண்ணீர் வரியைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

தீர்ப்பு வந்த வாரம்
பொறியாளர் ஸ்டாவ்நெஸ் பென்சிலை வைத்தார்.
அசையவில்லை.
சொன்னது சரியா என்று பார்க்க
இன்னொரு பென்சில் வாங்கி வந்தார்.

மக்கிய தலைகளை அறுத்துச் சிமெண்ட் வைத்தார்கள்.
மற்றவை இன்னும் மரம்தான்.
வழக்கறிஞர்கள், பல் மருத்துவர், யோகா வகுப்பு
எல்லோரும் மரத்தின்மேல்
தெரியாமல் நிற்கிறார்கள்.

துடாவுக்குப் பிறகு நான் நான்காவது ஆள்.
மாய் லோர். என் அம்மா லாவோஸ் மலையிலிருந்து
இந்தப் பனிக்கு வந்தவள்.
கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றதும்
எந்த மாதம் காய்க்கும் என்று கேட்டாள்.

நோட்டின் முதல் பக்கத்தில்
துடா போலிஷில் ஒரு வரி எழுதியிருக்கிறான்.
மொழிபெயர்த்துத் தரலாம் என்கிறாள் வழிகாட்டி.
வேண்டாம் என்றேன்,
ஏனென்று தெரியவில்லை.

செவ்வாய். மூன்று அங்குலம் குறைவு.
குழாயைத் திறந்தேன்.